அன்றாட வண்டிக்கு எவ்வளவு கம்ப்ரஷன், எந்தக் கேம்?

ஓசூர் வட்டாரத்தில் பழைய வண்டியை எஞ்சின் வேலைக்கு விடும் இளைஞர்கள் பலர், போர் போட்டு, பிஸ்டன் ரிங் மாற்றி, வால்வை லேப்பிங் செய்து வாங்கிக்கொண்டு போவதோடு நிற்பதில்லை. “எப்படியும் பிரிச்சாச்சு, கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணா” என்று மெக்கானிக்கிடம் கேட்கிறார்கள். ஏற்றுவது பெரும்பாலும் இரண்டு வழியில் நடக்கிறது. ஹெட்டை லேத்தில் பிடித்து முகத்தைச் சீவிக் கம்ப்ரஷனைக் கூட்டுவது ஒன்று. கேமை மாற்றுவது, அல்லது இருக்கிற கேமையே சாணை பிடித்து வால்வு லிஃப்டைக் கூட்டுவது இன்னொன்று. இந்தப் பழக்கத்தில் உண்மையான அறிவு இருக்கிறது, உண்மையான பலனும் இருக்கிறது. ஆனால் இரண்டையும் தனித்தனி வேலையாக, தனித்தனி நாளில், சில சமயம் தனித்தனி ஆளிடம் செய்கிறார்கள். எஞ்சினுக்கு அவை ஒரே கணக்கு. இந்தப் பழக்கத்தின் பலவீனம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டும் அதே காலத்தில் இங்கே ஆலை திறந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் பெருகின. இதனால் மைக்ரோமீட்டரையும் டயல் கேஜையும் பிழைப்புக்காகத் தினமும் கையில் பிடிக்கிற ஆயிரக்கணக்கானவர்கள் இந்தப் பகுதியில் வாழ்கிறார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்பதை இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிவிஎஸ்ஸின் பந்தயப் பிரிவு 1982இலிருந்து இயங்குகிறது. அந்தக் காலச் சோழவரம் ஓடுதளம், பிறகு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் என்று ஓடிய வண்டிகளின் கதைகள் இங்கே டீக்கடைப் பேச்சு. எஞ்சினுக்குள் கைவைக்கும் துணிச்சல் இந்த மண்ணில் வளர்ந்ததற்கு நியாயமான காரணம் உண்டு.

இனி எண்ணுக்கு வருவோம். பிஸ்டன் கீழே இருக்கும்போது அதன் தலைக்கு மேல் உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது கம்ப்ரஷன் விகிதம். விகிதம் கூடினால் அதே பெட்ரோலில் கூடுதல் வேலை கிடைக்கும் என்பது அனைவருக்கும் தெரியும். எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பழைய வார்ப்பிரும்புப் புல்லட் 350ஐ எடுத்துக்கொள்வோம். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி. 1955இல் சென்னையில் கால்பதித்த இந்த வண்டியின் ஸ்டாண்டர்டு மாடலுக்குக் கம்ப்ரஷன் வெறும் 5.5. மட்டமான பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்ற காலத்து எண் அது. ஏட்டுக் கணக்கின்படி 5.5இலிருந்து 7க்குப் போனால் எஞ்சினின் வெப்பத் திறன் ஏறத்தாழ 49 சதவீதத்திலிருந்து 54 சதவீதத்துக்கு ஏறுகிறது. அதாவது, இருந்ததில் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. நடைமுறையில் இந்தச் சதவீதங்கள் இதில் பாதிகூட வராது. ஆனால் ஏறும் அளவின் பங்கு ஏறத்தாழ இதேதான். இனி ஓசூரிலேயே பிறந்த அப்பாச்சி ஆர்டிஆர் 160ஐப் பார்ப்போம். 62 மி.மீ. போர், 52.9 மி.மீ. ஸ்ட்ரோக். கம்ப்ரஷனை 9.5 என்று வைத்துக்கொண்டு அதை 10.5 ஆக்கினால், ஏட்டில் 59.4 சதவீதம் 61 சதவீதமாகிறது. கூடுதல் நூறில் மூன்று பங்குகூட இல்லை. விகிதம் உயர உயரக் கிடைக்கும் லாபம் சுருங்குகிறது. பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை நேரம் தவறித் தானாக வெடித்து நாக்கிங் அடிக்கும் ஆபத்தோ எதிர்த்திசையில் வளர்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று சீவும் அளவில் இருக்கிறது. புல்லட் 350இல் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 77 சிசி. ஹெட்டில் 1 மி.மீ. எடுத்தால் குறைவது நாலு சிசிக்கும் கீழே. விகிதம் 5.5இலிருந்து 5.7க்கு நகரும், ஓட்டுகிறவர் உணரக்கூட மாட்டார். 7க்குப் போக வேண்டுமானால் 5 மி.மீ. எடுக்க வேண்டும், அது நடக்காத காரியம். உயர்ந்த தலை உள்ள பிஸ்டன்தான் வழி. ஆர்டிஆர் 160இல் மிஞ்சும் இடமே 19 சிசிக்குச் சற்றுக் குறைவு. அங்கே அதே 1 மி.மீ. எடுத்தால் மூன்று சிசி போய்விடும், விகிதம் 9.5இலிருந்து ஒரே தாவலில் 11ஐத் தாண்டும். “ஒரு மில்லி எடுங்க” என்ற ஒரே பேச்சு ஒரு வண்டியில் வீண் செலவு, இன்னொன்றில் பிஸ்டனில் ஓட்டை. பட்டறைகளில் இந்தப் பேச்சு வண்டி பார்க்காமல் புழங்குவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

சீவுவதில் ஒரு நல்லதும் உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி மட்டும் இருந்தால், விளிம்பில் இருக்கும் கலவை நசுங்கி நடுவுக்குப் பீறிட்டு வந்து வேகமாக, ஒழுங்காக எரிகிறது. இதை ஸ்குவிஷ் என்கிறார்கள். இடைவெளி ஒன்றரை, இரண்டு மி.மீ. என்று தளர்ந்திருந்தால் விளிம்புக் கலவை தேங்கி நிற்கும், நாக்கிங் அங்கேதான் பிறக்கும். ஆகவே ஸ்குவிஷ் தளர்ந்த எஞ்சினில் 0.3 மி.மீ. சீவுவது கம்ப்ரஷனையும் கூட்டி, நாக்கிங்கையும் குறைக்கக்கூடும். இதன் மறுபக்கமும் உண்மை. நாக்கிங் வந்துவிட்டது என்று தடிமனான காஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனை இறக்குகிறவர்கள் ஸ்குவிஷைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எண் குறைந்தும் சத்தம் நிற்பதில்லை.

கேமுக்கு வருவோம். கேம் லோப் இரண்டு விஷயத்தைத் தீர்மானிக்கிறது: வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. பந்தய வண்டிக்கு நேரம் நீளமாக வேண்டும். 9,000, 10,000 ஆர்பிஎம்மில் கலவை உள்ளே பாய்கிற வேகம், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி ஏறத் தொடங்கிய பிறகும் அதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுவது அங்கே லாபம். 3,000 ஆர்பிஎம்மில் அந்த வேகம் இல்லை. ஏறும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையைத் திறந்திருக்கும் வால்வு வழியே கார்புரேட்டருக்கே திருப்பி அனுப்புகிறது. இழுவை செத்துப்போகிறது. ஐடிலிங் தடுமாறுகிறது, மைலேஜ் இறங்குகிறது.

கம்ப்ரஷனும் கேமும் ஒரே முடிவு என்று நான் சொல்வது இங்கேதான். வால்வு மூடிய பிறகுதான் உண்மையில் அழுத்தம் தொடங்குகிறது. ஆர்டிஆர் 160இன் அளவுகளையே வைத்துக் கணக்குப் போடலாம். கனெக்டிங் ராடு 100 மி.மீ. என்றும், பிஸ்டன் அடிமட்டத்தைக் கடந்து 40 டிகிரியில் இன்டேக் வால்வு மூடுகிறது என்றும் கொள்வோம். ஸ்ட்ரோக்கில் 91 சதவீதம் அழுத்தத்துக்கு மிஞ்சுகிறது, 9.5 என்ற எண் நடைமுறையில் 8.7 ஆகிறது. பெரிய கேம் போட்டு 60 டிகிரியில் மூடினால் மிஞ்சுவது 80 சதவீதம், அதே 9.5 இப்போது 7.8. அதாவது கேமை மட்டும் மாற்றியவர், தெரியாமலே தன் எஞ்சினின் கம்ப்ரஷனைக் குறைத்துவிட்டார். பழைய இழுவை கீழே திரும்ப வேண்டுமானால் ஏட்டுக் கம்ப்ரஷன் ஏறத்தாழ 10.7 ஆக வேண்டும். மாறாக, கேமைத் தொடாமல் கம்ப்ரஷனை மட்டும் 10.7க்கு ஏற்றினால் நடைமுறை எண் 9.8ஐத் தொடுகிறது, காற்றில் குளிரும் எஞ்சின், மே மாத வெயில், சாதாரணப் பெட்ரோல் என்றால் அது தாங்காது.

கம்பெனிகள் இந்த உறவை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. 1997இல் வந்த டொயோட்டா பிரியஸின் எஞ்சினில் ஏட்டுக் கம்ப்ரஷன் 13 அளவில் இருந்தும் அது நாக்கிங் அடிக்காமல் ஓடியதற்குக் காரணம், இன்டேக் வால்வை வேண்டுமென்றே மிகத் தாமதமாக மூடியதுதான். ஆகவே “என் வண்டி பதினொன்று” என்று வெறும் எண்ணைச் சொல்லி ஒருவர் பெருமைப்படுவதில் பொருள் இல்லை. எந்தக் கேமோடு பதினொன்று என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு தகவல்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கப்படுவதில்லை. கேம் ஹெட்டில் இருந்து செயினால் சுழலும் எஞ்சின்களில், ஹெட்டை 1 மி.மீ. சீவினால் கேமும் 1 மி.மீ. கீழே இறங்குகிறது. தளர்வை டென்ஷனர் எடுத்துக்கொள்ளும். டைமிங் மட்டும் கிராங்க் கணக்கில் சுமார் 3 டிகிரி பின்தங்கும். கம்ப்ரஷனைத் தொட்டவர் கேமையும் தொட்டுவிட்டார். புஷ்ராடு வைத்த பழைய புல்லட்டில் இந்தச் சிக்கல் இல்லை. கேம் கீழே பற்சக்கரத்தில் இருக்கிறது, டாப்பெட்டைச் சரிசெய்தால் போதும்.

கேமைச் சாணை பிடிப்பது பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. லோப்பின் உச்சியில் உலோகம் சேர்க்க முடியாததால், அடிவட்டத்தைக் குறைத்து லிஃப்டைக் கூட்டுகிறார்கள். கேமின் மேற்பரப்பு மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது. அந்தத் தோலைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கிற மென்மையான உலோகம் ராக்கரோடு உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் லோப் தேய்ந்து, கூட்டிய லிஃப்டும் போய், பழைய லிஃப்டும் போய்விடும். தேய்ந்த பொடி எண்ணெயோடு எஞ்சின் முழுக்கச் சுற்றும். வால்வு ஸ்பிரிங்கை மாற்றாமல் லிஃப்டை மட்டும் கூட்டினால் உயர் ஆர்பிஎம்மில் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்கும். பிஸ்டனைத் தொட்டால் செலவு இரண்டு மடங்கு. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கேம்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எந்த டிகிரியில் திறந்து எந்த டிகிரியில் மூடும் என்ற விவரத்தாள் இல்லாத கேமை வாங்கவே கூடாது.

இந்த ஊரின் உயரம் ஒரு தனிக் கணக்கு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. அதனால் இங்கே எஞ்சின் உறிஞ்சும் காற்றும் குறைவு, நாக்கிங்கும் குறைவு. இங்கே டியூன் செய்து, சூளகிரி வரை இழுத்துப் பார்த்து, “சத்தமே இல்லை” என்று முடிவுகட்டிய வண்டி, கிருஷ்ணகிரி இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டி வேலூர் வெயிலுக்குள் போகும்போது வேறு எஞ்சினாகிறது. அழுத்தம் கூடுகிறது, உள்ளே போகும் காற்றும் கொதிக்கிறது. மேட்டில் தப்பித்த கம்ப்ரஷன் அங்கே கணகணவென்று அடிக்கத் தொடங்கும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ சமவெளிக்கு வண்டியிலேயே போகிறவர்கள், மேட்டின் சகாயத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு அரைப் புள்ளி குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

இதே உயரம் கம்ப்ரஷன் கேஜையும் ஏமாற்றும். கடல்மட்டத்தில் 150 பிஎஸ்ஐ காட்டுகிற நல்ல எஞ்சின் இங்கே 135 அளவில்தான் காட்டும். சர்வீஸ் புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டு, ரிங் போய்விட்டது என்று சொல்லிப் போர் போடவைக்கிற தவறு இதனால் நடக்கிறது. தாமதமாக மூடும் கேம் போட்டிருந்தால் கேஜ் இன்னும் குறைவாகக் காட்டும். அதுவும் நோய் அல்ல.

எரிபொருளும் மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் தொடங்கிவைக்கப்பட்ட 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் இன்று பங்க்குகளில் பொதுவாகக் கிடைக்கிறது. எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும். கம்ப்ரஷனைக் கூட்ட விரும்புகிறவர்களுக்கு இது சாதகம். ஆனால் எத்தனால் எரியக் குறைந்த காற்று போதும். கார்புரேட்டர் பழைய ஜெட்டிலேயே இருந்தால், எத்தனால் கலக்காத காலத்தோடு ஒப்பிட கலவை ஏழெட்டு சதவீதம் வெளுத்துவிடும், அதாவது காற்று மிஞ்சிவிடும். வெளுத்த கலவை சூட்டைக் கூட்டும். கிடைத்த சாதகம் கரைந்துவிடும். மெயின் ஜெட்டை ஏற்றாமல் கம்ப்ரஷனை ஏற்றுவது அரைவேலை. பழைய ரப்பர் குழாய்களையும் ஓரிங்குகளையும் இதே வேலையில் மாற்றிவிட வேண்டும். பிஎஸ்-6 ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளை இந்த விவாதத்திலிருந்தே விலக்குகிறேன். அவற்றின் கம்ப்யூட்டர், கம்பெனிக் கேமையும் கம்பெனிக் கம்ப்ரஷனையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. அதை மாற்றி எழுதாமல் உலோகத்தை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

இந்த வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். காலை ஷிஃப்டுக்குச் சிப்காட் நோக்கிப் போகிறவர் தேசிய நெடுஞ்சாலை 44இல் லாரிகளுக்கு நடுவே இரண்டாம், மூன்றாம் கியரில் ஊர்கிறார். இரவு திரும்புகிறவர் ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் சானமாவு காட்டைக் கடக்கிறார். ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் வந்து தங்கும் காடு அது. பேரண்டப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலையையே அவை கடப்பதுண்டு. வனத்துறை எச்சரித்திருக்கும் இரவில், எதிரே யானை நின்றால் வண்டியை மெதுவாக்கி, நிறுத்தி, சத்தமில்லாமல் திருப்பிக்கொண்டு வர வேண்டும். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே தடுமாறி அணைகிற, சூட்டில் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கிற பந்தயக் கேம் அங்கே உயிருக்கு ஆபத்து. 8,000 ஆர்பிஎம்முக்கு மேல் அது தரும் பலத்தைப் பயன்படுத்த இந்தப் பாதையில் இடமே கிடையாது.

இப்படிப் பார்த்தால் ராயல் என்ஃபீல்டின் பாதை கற்றுக்கொள்ளத் தக்கது. 5.5 கம்ப்ரஷனில் 18 குதிரைத்திறன் தந்த பழைய 346 சிசி எஞ்சினோடு ஒப்பிட்டால், 2020இல் மீட்டியாரோடு வந்த 349 சிசி எஞ்சினில் கம்ப்ரஷன் 9.5; திறன் 20 சொச்சம்தான். கூட்டிய கம்ப்ரஷனை அவர்கள் உச்ச வேகத்துக்குச் செலவழிக்கவில்லை. கீழ் ஆர்பிஎம் இழுவைக்கும் சிக்கனத்துக்கும் புகை விதிகளுக்கும் செலவழித்தார்கள். அன்றாட வண்டிக்கு அது சரியான தேர்வு.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஹெட்டைத் தலைகீழாக மட்டமாக வைத்து, வால்வும் பிளக்கும் பூட்டி, விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை ஒட்ட வேண்டும். மருந்துக்கடைச் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் எடுத்து, குமிழி இல்லாமல் நிரம்பும்வரை விட்டு, எத்தனை மில்லி போனது என்று எழுதிக்கொள்ள வேண்டும். காஸ்கெட்டின் கனத்தையும் பிஸ்டன் தலையின் வடிவையும் சேர்த்தால் உண்மையான கம்ப்ரஷன் கையில் இருக்கும். சால்டரிங் ஈயக் கம்பியைப் பிஸ்டன் விளிம்பில் வைத்துக் கிராங்கைக் கையால் சுற்றினால், நசுங்கிய கம்பியின் கனம்தான் ஸ்குவிஷ். பிஸ்டன் மேல் களிமண் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் வால்வு பதிந்த தடம் தெரியும். அந்த இடத்தில் களிமண் ஒன்றரை மி.மீ.க்குக் குறைந்திருந்தால் அந்தக் கேமை ஓட்டக் கூடாது. ஒரு மாலை நேர வேலை இது. பகலில் டயல் கேஜோடு வாழ்கிற ஊரில், பட்டறையில் மட்டும் கைக்கணக்கில் வெட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் தீர்ப்பு இது. வார்ப்பிரும்புப் புல்லட்டுக்குப் பிஸ்டன் மாற்றி 6.5 முதல் 7 வரை போகலாம். அதற்கு மேல் போனால் மிதக்கும் புஷ் வைத்த அதன் பெரிய முனை பேரிங் தாங்காது. காற்றில் குளிரும் 150, 160 சிசி எஞ்சின்களுக்கு, ஸ்குவிஷை அளந்து பார்த்து 10ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டிலும் கேம் கம்பெனிக் கேமாகவே இருக்கட்டும். கேமுக்குச் செலவழிக்க வைத்திருக்கும் பணத்தை வால்வு சீட் வெட்டவும், கைடு மாற்றவும், ஜெட் சரிசெய்யவும் செலவழித்தால் கிடைக்கும் இழுவை அதிகம், ஆயுளும் அதிகம்.

எஞ்சின் வேலைக்கு வண்டி விடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்டைத் தொடும் முன் எத்தனை சிசி இருந்தது, தொட்ட பின் எத்தனை, ஸ்குவிஷ் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் பில்லின் பின்புறம் எழுதித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். எழுதித் தருகிற பட்டறைக்கு இருநூறு, முந்நூறு ரூபாய் கூடக் கொடுங்கள்.